காலிக் கொக்கி

கிரேன்காரர் பரீட்சையில் இரண்டாவது தடவையும் தோற்ற சங்கதி அவர் பெண்டாட்டிக்கு அவர் வாயால் தெரியவில்லை. சைகைக்காரர் வாயால்தான் தெரிந்தது. சைகைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரும்புத் தகட்டுச் சுருள்களை அடுக்கி வைக்கிற கிடங்கில், தரையில் நின்றுகொண்டு, மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குத் தூக்கு, இறக்கு, தள்ளு, நில் என்று பகல் முழுக்கக் கையாலேயே பேசுகிற மனிதர் அவர். அந்தச் சத்தத்தில் வாய்க்கு அங்கே வேலை கிடையாது. அப்படி மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் சாயங்காலம் யார் வீட்டிலாவது கொட்டித் தீர்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அன்று மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. கிரேன்காரரின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை முடிந்து வந்து, அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி ஈரத் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பெரியவள் என்றும், கூடவே குடியிருந்த அவள் தங்கையைச் சின்னவள் என்றும்தான் அந்த வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பகல் முழுக்க ஊரார் படுத்த விரிப்புகளைத் துவைத்து மடித்துவிட்டு, வீட்டுக்கு வந்தாலும் கையில் துணிதான்.

“டீயெல்லாம் வேண்டாம் தங்கச்சி,” என்று சொல்லிக்கொண்டே சைகைக்காரர் நாற்காலியை அடுப்புப் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ போட்டாக வேண்டும் என்பதற்கு அவர் வைத்திருந்த சைகை அது.

“உங்க கூட்டாளி எங்கண்ணே? இன்னும் காணோமே.”

“வருவாரு. தோத்துட்டு வர்ற மனுஷன் பஸ் புடிச்சா வருவாரு? நடந்துதான் வருவாரு.”

“எதுல தோத்தாரு?”

சைகைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கடித்த நாக்கு அவரிடம் அதிக நேரம் நிற்காது.

“பரீட்சை தள்ளிப் போச்சுன்னுதானே என்கிட்ட சொன்னாரு,” என்றாள் பெரியவள்.

“போன தடவையும் அப்படித்தான் சொல்லியிருப்பாரு. ரெண்டு தடவையும் உக்காந்தாச்சு, ரெண்டு தடவையும் ஊத்திக்கிச்சு. நான் சொன்னதா சொல்லிடாத.”

“கிரேன் ஓட்டறதுல அவருக்கு என்னண்ணே பரீட்சை? அவரு ஓட்டறதைப் பாத்துத்தானே மத்தவங்களே கத்துக்கறாங்க.”

“ஓட்டறதுல இல்ல தங்கச்சி. படிக்கறதுல. முன்னெல்லாம் லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா ஒரு அதிகாரி வருவாரு. வாளி நிறைய தண்ணியைக் கொக்கியில மாட்டி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோகச் சொல்லுவாரு. தண்ணி சிந்தலைன்னா கையெழுத்து. இப்ப கம்ப்யூட்டர். எல்லாம் இங்கிலீஷு. ஒவ்வொரு வாக்கியமும் ரயில் வண்டி மாதிரி போயிக்கிட்டே இருக்குமாம். படிச்சு முடிச்சா, கீழ ஒரு கேள்வி.”

“மூணாவது தடவை எழுதலாமா?”

“எழுதலாம். அதோட சரி. அதுலயும் போச்சுன்னா கூண்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இவரு கீழ வந்து எங்களோட கயிறு மாட்டணும்.”

“கீழ நிக்கறது ஒண்ணும் கேவலமில்லையே. நீங்க நிக்கலையா?”

சைகைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “எனக்குக் கீழதான் தெரியும். அவருக்கு மேலதான் தெரியும். அவரு கைக்குக் கீழ இத்தனை வருஷமா நிக்கறேன். தலைக்கு மேல டன் கணக்குல இரும்பு போகுது. நான் ஒரு நாள் நிமிந்து பாத்ததில்ல. கிளம்பின பாரத்தை நடுவழியில திருப்பினதா அவருகிட்ட சரித்திரமே கிடையாது. போற வழியை முதல்லயே கண்ணால அளந்துக்குவாரு. அப்புறம் ஒரே போக்கு. சடார்னு பின்னுக்கு இழுத்தா பாரம் ஊசலாடும், கீழ நிக்கறவன் காலி. என் பிள்ளைங்களுக்கு இன்னைக்கு அப்பன்னு ஒருத்தன் இருக்கறான்னா அது அவரு கைப்புண்ணியம். நாளைக்கு அந்தக் கூண்டுல எவனோ ஒருத்தன் உக்காந்தா நான் நிமிந்து நிமிந்து பாத்தே கழுத்து சுளுக்கிச் சாவேன்.”

அவர் போன பிறகும் பெரியவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தோற்றது சரி. இங்கிலீஷில் எப்படித் தோற்றார் என்பதுதான் பிடிபடவில்லை. அம்மா போனபின் பாவாடை சட்டையோடு வந்து சேர்ந்த தங்கைக்கு, பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் சாயங்காலம் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து இங்கிலீஷ் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அந்த மனுஷன்தானே. இன்று அவள் காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள் என்றால் அஸ்திவாரம் யார் போட்டது? பரீட்சையில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி, அதிகாரிகளை மனதுக்குள் நாலு வார்த்தை திட்டியபடி உலை வைத்தாள்.

கிரேன்காரர் நனைந்து வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, “பரீட்சை மறுபடி தள்ளிப் போச்சு,” என்றார்.

“எவ்வளவு தூரம் தள்ளிப் போச்சு? கூண்டுலேருந்து கீழ விழற தூரமா?”

அவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. “வந்துட்டுப் போயிட்டானா?”

“யாரும் வரல. நானா கேக்கறேன்.”

“ரெண்டு டம்ளர் கழுவிக் கவுத்தி வச்சிருக்கே.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “சின்னவகிட்ட சொல்லிடாத. அது மட்டும் வேண்டாம்.”

“ஏன்? அவ என்ன சிரிக்கவா போறா? நீங்க சொல்லிக்குடுத்த பொண்ணு.”

“அதனாலதான் சொல்றேன். சொல்லாத.” இதற்கு மேல் பேச்சு இல்லை என்பதுபோலத் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

ஆனால் அந்த வீடு இருந்த அளவுக்கு, அதில் ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்ற இருவருக்கும் காற்று வரும். சின்னவள் வந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, “யாருக்கு என்ன?” என்று கேட்டாள். பெரியவள் குழம்புச் சட்டியைக் கிளறினாள். கிரேன்காரர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். கேட்டவள் ஆராய்ச்சிக்காரி. சோறு பிசைந்து முடிப்பதற்குள் எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

சின்னவள் காலேஜில் என்ன செய்கிறாள் என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ‘கண்ணைப் படம் பிடிக்கிறாள்’ என்று கிரேன்காரர் ஒரு தடவை பெருமையாகச் சொல்லப்போக, கண்ணில் பூ விழுந்தவர்களும், கண்ணாடி மாற்ற வேண்டியவர்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து வரிசையில் நின்றார்கள். அவள் பார்த்தது வேறு. வீட்டுப் பேச்சு ஒன்றாகவும் படிக்கிற பாஷை இங்கிலீஷாகவும் இருப்பவர்கள், நீளமான இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றை எப்படிப் படித்து உள்வாங்கிக்கொள்கிறார்கள், கண் எங்கே நிற்கிறது, எங்கே தாண்டுகிறது, எங்கே திணறுகிறது என்று கேமரா வைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை.

“என் வேலையே இதுதானே மாமா,” என்றாள். “நீங்க வந்து உக்காருங்க. கோளாறு எங்கன்னு பாத்துடலாம்.”

“நான் என்ன எலியா, புடிச்சு வச்சு ஆராய்ச்சி பண்ண?”

“எலிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஞாயித்துக்கிழமை அக்காவையும் கூட்டிட்டு வாங்க.”

“எனக்கு வயசாயிடுச்சு பாப்பா. மண்டையில ஏறலை, அவ்வளவுதான். இதுக்குப் போயி மெஷின் எதுக்கு.”

“மாமா,” என்றாள் சின்னவள், சாப்பாட்டுக் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு. “கயிறு பிரிஞ்சிருக்கான்னு பாக்காமலே கிரேன் சரியில்லன்னு சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள்.

அந்த அறைக்கு ஜன்னலே இல்லை. சலவைக் கூடத்து வெக்கையில் வெந்து பழகிய பெரியவளுக்கு அங்கே குளிர் காதுக்குள் நுழைந்தது. மூலையில் ஒரு ஸ்டூலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேசைமேல் ஒரு திரை, அதன் கீழே சின்னக் கேமரா. முகவாயை வைத்துக்கொள்ள ஒரு தாங்கி இருந்தது. கிரேன்காரர் அதில் முகவாயை வைத்து, “பல்லைக் காட்டணுமா?” என்றார்.

“பல்லை உள்ளேயே வச்சுக்கலாம். வாக்கியம் வரும், உங்க பாட்டுக்குப் படிங்க. முடிச்சதும் இந்தப் பொத்தானை அழுத்துங்க. கேள்வி வரும்.”

அவர் கூண்டில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். முதுகு நேராக, தோள் அசையாமல். பெரியவளுக்கு அவருடைய பிடரிதான் தெரிந்தது. அந்தப் பிடரியில் வியர்வை துளிர்ப்பதை அந்தக் குளிரிலும் அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்தும் அவள் எவருடைய சோதனைக்கும் இப்படி மனசு அடித்துக்கொண்டு காத்திருந்ததில்லை.

முடிந்ததும் சின்னவள் ஒரு படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். வாக்கியத்தின்மேல் சின்னச் சின்னப் புள்ளிகள், புள்ளிக்குப் புள்ளி கோடு. எல்லாக் கோடும் இடமிருந்து வலமாக, அளவெடுத்த மாதிரி ஒரே சீராகப் போயிருந்தது.

“நல்லாத்தானே இருக்கு,” என்றாள் பெரியவள். “சிந்தாம சிதறாம போயிருக்காரே.”

“அதான்க்கா கோளாறு,” என்றாள் சின்னவள். மாமாவைப் பார்த்து, “எல்லா வார்த்தையும் உங்களுக்குத் தெரியுது. கண்ணு எங்கயும் தடுக்கலை. ஆனா ஒரு இடத்துலகூட நீங்க திரும்பிப் பாக்கலை மாமா. ஒரு தடவைகூட.”

“திரும்பிப் பாத்தா? புரியாம முழிக்கறேன்னு ஆயிடும். தெரிஞ்சவங்க ஒரே மூச்சுல படிச்சிட்டுப் போவாங்க.”

“யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? படிச்சவங்கல்லாம் அப்படித்தானே. நீயே அப்படித்தானே.”

சின்னவள் இன்னொரு படத்தை எடுத்துப் போட்டாள். அதே வாக்கியம்தான். ஆனால் அதன்மேல் கோழி கிளறின மாதிரிக் கோடுகள். முன்னால் போய்ப் பின்னால் வந்து, நடுவில் தாவி, முதல் வார்த்தைக்கே திரும்பிப் போய், மறுபடி கடைசிக்கு ஓடியிருந்தன.

“இது யாரோட கிறுக்கல்?” என்றார் கிரேன்காரர்.

“என்னோடது.”

அவர் முகவாய்த் தாங்கியை விட்டுத் தலையைத் தூக்கினார். “உன்னோடதா?”

“என்னோடதுதான். பேராசிரியரோடது வேணுமா? இதைவிட மோசமா இருக்கும். நமக்கு இது வீட்டுப் பேச்சு இல்ல மாமா. எழுதறவன் ஆரம்பத்துல ஒருத்தரைச் சொல்லிட்டு, நடுவுல நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, அவரு என்ன பண்ணாருங்கறதைக் கடைசியில கொண்டுவந்து வப்பான். கடைசிக்கு வரும்போது ஆரம்பத்துல யாரு இருந்தாங்கன்னு மறந்துரும். திரும்பிப் போயிப் பாத்துட்டுத்தான் வரணும். இங்க வந்து உக்காந்தவங்கள்ல, கேள்விக்குச் சரியாச் சொன்னவங்க நிறையப் பேரு திரும்பிப் போனவங்கதான்.”

கிரேன்காரர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னுடையதைவிட அந்தக் கிறுக்கலையே அதிக நேரம் பார்த்தார். பஸ்ஸில் திரும்பும்போது, “அவ்வளவு படிச்சும் அந்தப் பொண்ணு இன்னும் இவ்வளவு கஷ்டப்படுதே,” என்று பெண்டாட்டியிடம் மெதுவாகச் சொன்னார்.

கோளாறு தெரிந்துவிட்டது என்றால் பாதி வேலை முடிந்தது என்று பெரியவள் நினைத்தாள். முடியவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, கஞ்சி குடித்துவிட்டு, மாதிரிக் கேள்விகள் அச்சடித்த தாளோடு உட்காருவார். சின்னவள் எதிரே உட்காருவாள். பாதி வாக்கியம் போனதும் அவருடைய தாடை இறுகுவதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், உள்ளே வண்டி நேராகவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று.

“திரும்புங்க மாமா.”

“வர மாட்டேங்குது.”

“முதல் வார்த்தை என்ன இருந்துச்சு? போயிப் பாருங்க.”

“போனா, வந்த இடம் விட்டுப் போயிடும் போல இருக்கு. பாரத்தோட பின்னுக்கு வரக் கூடாது, கூடாதுன்னே பழகின உடம்பு. முன்னால வச்ச கண்ணைப் பின்னால எடுத்தா யாரு தலையிலயோ விழப்போற மாதிரி இருக்கு.”

“இதுல என்ன மாமா ஆபத்து? வெறும் தாளு.”

“உனக்குத் தாளு. நான் எதைப் புடிச்சாலும் அப்படித்தான் வருது. நான் என்ன பண்ண?” தாளை மேசைமேல் போட்டுவிட்டார். “விட்டுரு. கீழயே நின்னுக்கறேன். கயிறு மாட்டத் தெரியாதா எனக்கு.”

சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் எத்தனையோ பேருடைய கண்ணைப் பார்த்திருக்கிறாள். இந்தக் கண் திரும்ப மறுப்பதற்கு என்ன செய்வதென்று அவள் படித்த படிப்பில் இல்லை. பெரியவள் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்தாள்.

“என்னங்க, ஒண்ணு கேக்கறேன். பாரத்தை இறக்கி வச்சிட்டு, வெறும் கொக்கியோட திரும்பி வருவீங்களே, அப்ப எப்படி வருவீங்க?”

“எப்படின்னா?”

“மெதுவாவா, வேகமாவா?”

“அதுக்கென்ன. காலிக் கொக்கிதானே. எப்படி வேணா வரலாம். முன்னால போலாம், பின்னால வரலாம், தேவைப்பட்டா நடுவுல நிறுத்தித் திருப்பலாம்.”

“இந்தத் தாளைப் படிக்கும்போது உங்க கொக்கியில என்ன தொங்குது?”

அவர் அவளைப் பார்த்தார்.

“சொல்லுங்க. என்ன தொங்குது?”

“ஒண்ணும் தொங்கல.”

“கீழ யாராச்சும் நிக்கறாங்களா?”

கிரேன்காரர் குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். அங்கே அவருடைய கால் இரண்டும், சின்னவளுடைய கால் இரண்டும், ஒரு வெங்காயத் தோலும் இருந்தன.

“யாரும் நிக்கல,” என்றார்.

“அப்ப போயிட்டு வாங்க. நிதானமா போயிட்டு வாங்க. யார் தலையிலயும் விழாது,” என்று சொல்லிவிட்டு, குழம்பு தீய்கிறது என்று பெரியவள் உள்ளே போய்விட்டாள்.

தாளை மறுபடி எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. இங்கிலீஷில் நாலு வார்த்தை, அப்புறம் தனக்குத்தானே தமிழில் கேள்வி. “ஓட்டுநரு... எந்த ஓட்டுநரு? கயிறு பிரிஞ்சிருக்கறதைப் பாத்த ஓட்டுநரு. எந்தக் கயிறு? முந்தின ஷிஃப்ட்காரன் கொக்கியிலயே விட்டுட்டுப் போன கயிறு. இரு, இரு. கையெழுத்துப் போட வேண்டியது யாரு? மேற்பார்வையாளரு. சரி. போட்டுக் குடுக்கற வரைக்கும்... யாரு, எதைப் பண்ணக் கூடாது? இரு, முன்னால போயிட்டு வரேன். ஆங். ஓட்டுநரு. பாரத்தைத் தொடக் கூடாது. அட, இது நான் தினம் பண்றதுதானே. இதைச் சொல்லவா இத்தனை சுத்து சுத்தறான்.”

சின்னவள் சிரிக்கிற சத்தமும் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் சேர்ந்து கேட்டன. பெரியவள் அடுப்பைப் பார்த்து நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாருக்கு நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் எதிரே இருந்தது குழம்புதான். அதையே அன்போடு கிளறினாள்.

பரீட்சை நாளன்று பெரியவள் விடுப்புப் போட்டுவிட்டாள். சின்னவளும் வந்தாள். பரீட்சை நடக்கும் கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. இரண்டு பேரும் அதன் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வெயில் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. சைகைக்காரர் மட்டும் கட்டடத்துக்குள்ளேயே போய், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார். காவலாளியிடம் என்ன சொன்னாரோ, இவருக்குத் தெரியாத காவலாளி எந்தக் கட்டடத்திலும் கிடையாது.

ரோட்டில் லாரிச் சத்தம். கூப்பிட்டால் கேட்காது. எனவே சைகைக்காரர் தன் தொழிலை ஆரம்பித்தார். வாசல்படியில் வந்து நின்று, வலது கையை உயர்த்தி, விரலை மெதுவாக வட்டமாகச் சுற்றினார்.

“என்னக்கா சொல்றாரு?” என்றாள் சின்னவள்.

“தூக்கறாராம். ஆரம்பிச்சிட்டாரு.”

கொஞ்ச நேரத்தில் வாலிபப் பையன்களாக நாலைந்து பேர் வெளியே வந்தார்கள். வேறு கிடங்குக்காரர்கள். வந்ததும் டீ சொல்லிவிட்டு, எந்தக் கேள்விக்கு எது பதில் என்று தர்க்கம் பண்ணினார்கள். அவர்கள் டீ குடித்துப் போனார்கள். இன்னும் சிலர் வந்தார்கள், போனார்கள். சைகைக்காரர் மறுபடி வாசலுக்கு வந்து, உள்ளங்கையைத் தட்டையாக நீட்டிக் காட்டினார்.

“நிக்குது,” என்றாள் பெரியவள். “பாரம் மேலயே நிக்குது.”

“எல்லாரும் போயாச்சே. நேரம் இருக்காக்கா?”

“நீதானே படிச்சவ. என்னைக் கேக்கற.”

வெகுநேரம் அந்த வாசலில் யாரும் வரவில்லை. கடைக்காரர் பெஞ்சைத் துடைக்கிற சாக்கில் இரண்டு தடவை வந்துபோனார். பெரியவளுக்கு அந்த நேரத்தில் கூண்டு பெரிதாகப் படவில்லை. இன்றைக்கும் தோற்றால் இந்த மனுஷன் இன்னொரு முறை ‘தள்ளிப் போச்சு’ என்று சொல்லிக்கொண்டு வருவாரே, அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அப்போது சைகைக்காரர் வாசலுக்கு ஓடி வந்தார். இறக்கு, நில் என்று தொழில் முறைப்படி எதுவும் காட்டவில்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, எந்தக் கிடங்கிலும் இல்லாத ஒரு சைகையைப் போட்டு ஆட்டினார். அதற்கு அர்த்தம் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

கிரேன்காரர் நிதானமாக ரோட்டைக் கடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பாஸு,” என்றார். “பரீட்சையைப் பாத்துக்கிட்ட அந்த அம்மா நல்ல அம்மா. எல்லாரும் எழுந்து போனதும் நானும் எந்திரிக்கப் பாத்தேன். ‘நேரம் இருக்கு, உக்காந்து படிங்க’ன்னு ஃபேனை என் பக்கம் திருப்பி வச்சிட்டுப் போனாங்க. நல்லா இருக்கணும் அவங்க.” பெஞ்சில் உட்கார்ந்தார். பெரியவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில் அப்படிப் பிடித்து எவ்வளவோ காலமாயிற்று. அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். “நீ இல்லன்னா நான் இல்ல பாப்பா.”

“என்ன மாமா பெரிய வார்த்தையெல்லாம். நீங்க சொல்லிக்குடுத்ததுதானே.”

அவர் டீ டம்ளரை வாங்கி, குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நான் எங்க சொல்லிக்குடுத்தேன்,” என்றார். “இன்னைக்காச்சும் சொல்லிடறேன். நீ அப்ப பாடம் படிப்ப. நான் எதிர உக்காந்து, மறுபடி படி, மறுபடி படின்னு சொல்லுவேன். கண்டிப்புன்னு நீ நெனச்சிருப்ப. உங்கக்காவும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கா. எனக்குப் புரியல, அதான் விஷயம். அடுத்த தடவையாச்சும் புரியுதான்னு பாக்கத்தான் மறுபடி படிக்கச் சொன்னேன். கடைசி வரைக்கும் பாதி புரியல. புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிட்டுப் போயிப் படுத்துக்குவேன்.”

பெரியவள் திகைத்துப் புருஷனைப் பார்த்தாள். சின்னவள் முகத்தில் மட்டும் ஆச்சரியமே இல்லை.

“தெரியும் மாமா.”

“என்ன தெரியும்?”

“நான் எட்டாவது படிக்கும்போதே தெரியும். ஒரு நாள் வேணும்னே ஒரு பத்தியை விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவினேன். நீங்க ‘சரி, சரி’ன்னு தலையாட்டினீங்க.”

“அப்புறமும் ஏன் தினம் வந்து உக்காந்து படிச்ச?”

சின்னவள் முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து, கண்ணு சொக்கச் சொக்க, பாதி புரியாம, தினம் எனக்காக எதிர உக்காந்திருந்தீங்க. புரிஞ்சு உக்காந்திருந்தா அது பெரிசில்ல மாமா. அதுக்கப்புறம் நீங்க மறுபடின்னு சொல்றப்பல்லாம், உங்களுக்குப் புரியணும்னு ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சேன். அப்படித்தான் எனக்கே புரிஞ்சுது. நான் இன்னைக்குப் பண்ற வேலையே அதுதான்.”

சைகைக்காரர் ரோட்டைக் கடந்து வந்து நின்றவர், கிடங்குக்கு வெளியே முதல்தடவையாக வாயைத் திறக்காமல் இருந்தார். கிரேன்காரர் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

“அந்தப் புஸ்தகம் இன்னும் இருக்கா பாப்பா?”

“இருக்கு. கட்டிலுக்கு அடியில பெட்டியில.”

“சாயங்காலம் எடுத்து வை,” என்றார். “நான் படிக்கறேன். நீ சும்மா எதிர உக்காந்து தலையாட்டு.”